எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நீரூற்றுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென் பிரான்ஸுக்குப் புறப்படும் நண்பர்களும் அவர்களுடைய உறவுக்காரர்களும் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கும் கேள்விகள் இவை. ஒரே பதிலைப் பத்துப் பேருக்குத் தட்டச்சு செய்து அலுத்துப்போய், எல்லாவற்றையும் இங்கே சேர்த்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

1. முதல்ல பேரைச் சொல்லுங்க. ஐக்ஸா, எக்ஸா?

எக்ஸ். எழுத்தைப் பார்த்தால் ஐக்ஸ் என்றுதான் வாய் வரும், ஆனால் அங்கே அப்படிச் சொன்னால் ஒருவருக்கும் புரியாது. இலத்தீனில் ஊரின் பெயர் அக்வே செக்ஸ்தியே, அதாவது செக்ஸ்தியுஸின் நீர்கள். அந்த 'அக்வே'தான் நூற்றாண்டுகளில் தேய்ந்து 'எக்ஸ்' ஆனது. ஆக, ஊர் பெயரே தண்ணீர்தான்.

கூடவே 'ஆன் புரோவான்ஸ்' என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆல்ப்ஸ் பக்கம் எக்ஸ்-லெ-பான் என்று இன்னொரு ஊர் இருக்கிறது. ஜெர்மனியின் ஆகன் நகரத்தைக்கூட பிரெஞ்சுக்காரர்கள் எக்ஸ்-லா-ஷாபெல் என்றுதான் சொல்கிறார்கள். எல்லாமே வெந்நீர் ஊற்று இருக்கும் ஊர்கள். ரயில் டிக்கெட் எடுக்கும்போது கவனம்.

2. மார்சேயில தங்கிட்டு ஒரு நாள் போய்வர முடியுமா?

தாராளமாக. மார்சேய்க்கு வடக்கே சுமார் 30 கி.மீ.தான். சேன் ஷார்ல் நிலையத்திலிருந்து உள்ளூர் ரயிலில் முக்கால் மணி நேரத்தில் ஊர் நடுவிலேயே இறங்கலாம். பேருந்தும் உண்டு.

பாரிஸிலிருந்து அதிவேக ரயிலில் வருகிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள். 'எக்ஸ் தேஜேவே' நிலையம் ஊருக்குள் இல்லை. சுமார் 15 கி.மீ. தள்ளி, வெட்டவெளியில் இருக்கிறது. அங்கிருந்து பேருந்து பிடித்தாக வேண்டும்.

3. ஆயிரம் நீரூற்று இருக்குன்னு போட்டிருக்கான். நிஜமா?

இல்லை. 'ஆயிரம் நீரூற்றுகளின் நகரம்' என்பது செல்லப் பெயர். தெருவில் நிற்பவை, சுவரில் பதிந்தவை, பழைய மாளிகைகளின் உள்முற்றத்தில் ஒளிந்திருப்பவை எல்லாவற்றையும் கூட்டினாலும் அந்த எண்ணிக்கை வராது. எதைக் கணக்கில் எடுப்பது, எதை விடுவது என்பதில் உள்ளூர்க்காரர்களுக்கே ஒத்த கருத்து கிடையாது.

என்னைக் கேட்டால் எண்ணுவதை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு நீரூற்றின் முன்னாலும் நின்று, இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது, யாருக்காக வந்தது என்று கேளுங்கள். ஊரின் வரலாறு அதில் தானாகவே பிடிபடும். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் அந்த இரண்டு கேள்விகளைச் சுற்றித்தான் வருகின்றன.

4. மத்த ஊர்ல இல்லாத அளவுக்கு இங்க மட்டும் ஏன் இவ்வளவு?

தண்ணீர் இருந்தது, பணம் இருந்தது, பெருமையும் இருந்தது. தண்ணீர் மூன்று வகை. ஊருக்கு அடியிலிருந்தே வரும் வெதுவெதுப்பான ஊற்று முதல் வகை. சுற்றியுள்ள சுண்ணாம்புக்கல் மலைகளிலிருந்து வாய்க்கால் வழியாகக் கொண்டுவந்த ஊற்றுநீர் இரண்டாவது. 19ஆம் நூற்றாண்டில் அணையும் கால்வாயும் கட்டிக் கொண்டுவந்த நீர் மூன்றாவது.

பணமும் பெருமையும் எங்கிருந்து வந்தன என்றால், அன்று புரோவான்ஸ் மாநிலத்தின் தலைநகரம் எக்ஸ்தான். 1409இல் பல்கலைக்கழகம், 1501இல் பார்லமான் எனப்பட்ட உயர் நீதிமன்றம். வழக்கறிஞர்களும் நீதிபதிகளும் குவிந்த ஊர். வீட்டு வாசலில் ஒரு நீரூற்று வைப்பது அவர்களுக்கு அந்தஸ்து. "பார்லமான், மிஸ்திரால் காற்று, துய்ரான்ஸ் ஆறு: புரோவான்ஸுக்கு மூன்று பீடைகள்" என்று அந்தப் பக்கத்தில் ஒரு பழமொழியே உண்டு. அந்த நீதிபதிகளை ஊர் எவ்வளவு 'விரும்பியது' என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இன்று நாம் படமெடுக்கும் நீரூற்றுகள் அன்று ஊரின் குடிநீர்க் குழாய்கள். பெண்கள் குடத்தோடு நின்றதும் வண்டிக் குதிரை தண்ணீர் குடித்ததும் இங்கேதான். அழகு என்பது பிறகு சேர்ந்துகொண்டது.

5. ஊரைக் கட்டினது யாரு? ரோமானியங்களா?

ஆமாம். ஆனால் அதற்கு முன்பே பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள். இன்றைய நகரத்துக்கு வடக்கே ஒரு மேட்டில் அந்த்ரேமோன் என்ற கோட்டையூர் இருந்தது. சால்லுவியர் என்னும் கெல்ட்-லிகூரிய மக்களின் ஊர். மார்சேயில் குடியேறியிருந்த கிரேக்கர்களுக்கும் இவர்களுக்கும் ஆகாது. கிரேக்கர்கள் ரோமைத் துணைக்குக் கூப்பிட்டார்கள். தளபதி கையுஸ் செக்ஸ்தியுஸ் கால்வினுஸ் வந்து அந்த்ரேமோனை அழித்தார். கி.மு. 122 வாக்கில், மேட்டுக்குக் கீழே வெந்நீர் ஊற்றருகில் படைமுகாம் ஒன்றை அமைத்தார். அதுதான் அக்வே செக்ஸ்தியே.

அந்த்ரேமோனில் கிடைத்த கற்சிலைகள் ஊரிலுள்ள கிரானே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வெட்டப்பட்ட தலைகளைச் செதுக்கிய சிற்பங்கள் அவற்றில் உண்டு. கொஞ்சம் திகிலாகத்தான் இருக்கும், ஆனாலும் விடாதீர்கள்.

6. தண்ணிக்காகவே இங்க ஒரு போர் நடந்ததாமே?

போர் நடந்தது தண்ணீருக்காக இல்லை, ஆனால் தண்ணீரில்தான் தொடங்கியது. கி.மு. 102. வடக்கிலிருந்து தியூட்டன், அம்ப்ரோன் என்ற இரு இனத்தார் குடும்பம் குட்டியோடு இத்தாலியை நோக்கி வருகிறார்கள். ரோமானியத் தளபதி மாரியுஸ் எக்ஸ் அருகே முகாமிட்டிருக்கிறார். அவர் தேர்ந்த இடம் பாதுகாப்பானது, ஆனால் அங்கே தண்ணீர் இல்லை. வீரர்கள் முணுமுணுத்தபோது எதிரி முகாமை ஒட்டி ஓடிய ஆற்றைக் கைகாட்டி, அங்கே தண்ணீர் கிடைக்கும், விலை மட்டும் இரத்தம் என்கிற பொருளில் அவர் சொன்னதாக கிரேக்க வரலாற்றாசிரியர் புளூட்டார்க் எழுதியிருக்கிறார்.

பிறகு படையின் வேலையாட்கள் குடத்தோடு ஆயுதத்தையும் எடுத்துக்கொண்டு தண்ணீர் எடுக்கப் போனார்கள். எதிரிகளில் பலர் அந்நேரம் வெந்நீர் ஊற்றுகளில் குளித்துக்கொண்டிருந்தார்களாம். கைகலப்பு அங்கே தொடங்கிப் பெரும் போராக மாறியது. வென்றது மாரியுஸ். இன்றும் புரோவான்ஸில் மாரியுஸ் என்று பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கிறார்கள்.

7. ரோமானியர் குளிச்ச இடத்தைப் பார்க்க முடியுமா?

கொஞ்சம். ஊரின் வடமேற்கில் தெர்ம் செக்ஸ்தியுஸ் என்று ஒரு வெந்நீர்க் குளியல் நிலையம் இருக்கிறது. இன்று அது காசு கொடுத்து உள்ளே போகும் நவீன ஸ்பா. நுழைவாயில் பக்கத்தில் பழைய ரோமானியக் குளியலிடத்தின் எச்சங்களைப் பார்க்கலாம். இங்கே ஊற்றுநீரின் வெப்பம் 30 டிகிரிக்கு மேல்.

ரோமானியர்கள் வெந்நீரோடு நிற்கவில்லை. ஊருக்குப் பல நீர்ப்பாலங்களைக் கட்டினார்கள். வடகிழக்கே ஷூக் என்ற ஊர்ப் பக்கமுள்ள திராக்கோனாத் ஊற்றிலிருந்து சுமார் 30 கி.மீ. தூரம் நீரைக் கொண்டுவந்தது அவற்றில் ஒன்று. அதன் உடைந்த வளைவுகள் மேரார்க் கிராமத்தில் இன்னும் நிற்கின்றன. கார் இருந்தால் ஒரு எட்டுப் போய்ப் பாருங்கள்.

8. ஒரே ஒரு நாள்தான் இருக்கு. எங்க ஆரம்பிச்சு எப்படி நடக்கிறது?

ரோட்டோண்ட் என்ற பெரிய நீரூற்றில் தொடங்குங்கள். ஊர் வாசல் மாதிரி அது. அங்கிருந்து கிழக்கே விரியும் மரநிழல் சாலைதான் கூர் மிராபோ. 440 மீட்டர் நீளம், 42 மீட்டர் அகலம். 17ஆம் நூற்றாண்டின் நடுவில் தெற்குக் கோட்டைச் சுவர் இருந்த இடத்தில், கோச்சு வண்டிகள் உலாப் போவதற்காகப் போட்டார்கள். மிராபோ என்ற பெயர் 1876இல்தான் வந்தது. வடக்குப் பக்கம் காப்பிக் கடைகள், தெற்குப் பக்கம் பிரபுக்களின் மாளிகைகள். இந்தச் சாலையின் நடுவிலேயே வரிசையாக மூன்று நீரூற்றுகள்: முதலில் நெஃப் கானோன், அடுத்து பாசி மூடிய வெந்நீர் ஊற்று, மேல்முனையில் ரெனே அரசர். மூன்றுக்கும் கீழே தனித்தனியாகக் கேள்வி இருக்கிறது.

அரசரைப் பார்த்துவிட்டுத் தெற்கே மாசரான் பகுதிக்குள் நுழையுங்கள். 1646இல் எக்ஸின் பேராயர் மிஷேல் மாசரான் திட்டமிட்ட பகுதி இது. பாரிஸில் ஆட்சியை நடத்திய கர்தினால் மாசரானின் தம்பி அவர். தெருக்கள் கட்டம் போட்டது போல நேராக ஓடும். அதன் நடுவில் நான்கு டால்பின் நீரூற்று. சத்தமே இல்லாத இடம். மதியத்தில் போனால் தண்ணீர் விழும் ஓசை மட்டும்தான் கேட்கும். இந்த ஊரில் எனக்குப் பிடித்த இடம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

திரும்பி வடக்கே பழைய ஊருக்குள் போங்கள். முதலில் அல்பெர்த்தா சதுக்கம். அல்பெர்த்தா குடும்பம் தங்கள் மாளிகைக்கு எதிரே இருந்த இடத்தை வாங்கி, மாளிகைக்கு நல்ல காட்சி வேண்டும் என்பதற்காகவே 1745இல் மூன்று பக்கமும் ஒரே மாதிரி முகப்பு எழுப்பியது. நடுவிலுள்ள நீரூற்று பழையது போலத் தெரியும். உண்மையில் 1912இல் உள்ளூர்த் தொழிற்கல்லூரி மாணவர்கள் செய்தது. அப்புறம் ரிஷெல்ம் சதுக்கம், தினமும் காலையில் காய்கறிச் சந்தை. அதைத் தாண்டினால் நகரமன்றம், அதன் முன்னே ரோமானியத் தூண் ஒன்றைத் தலையில் சுமந்த நீரூற்று. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் சிற்பி ஷான்-பாங்க்ராஸ் ஷாஸ்தெல் கைவைத்தது.

அங்கே நின்று, பக்கத்திலுள்ள பழைய தானிய மண்டியின் முகப்பை அண்ணாந்து பாருங்கள். அதுவும் ஷாஸ்தெல் வேலைதான். ரோன் ஆறு ஆண் உருவம், துய்ரான்ஸ் ஆறு பெண் உருவம். அவள் ஒரு காலைச் சட்டத்துக்கு வெளியே தொங்கப் போட்டிருக்கிறாள். கரையை மீறிக் கொண்டேயிருந்த ஆறு அல்லவா, கல்லிலும் அப்படியே இருக்கிறாள். 4ஆம் பதிலில் சொன்ன மூன்று பீடைகளில் ஒருத்தி.

9. 'ஒன்பது பீரங்கி நீரூற்று'ன்னு போன்ல வருது. பீரங்கியே காணோமே?

மொழிபெயர்ப்புச் செயலியின் கைங்கரியம். கானோன் என்றால் பீரங்கியும்தான், நீரூற்றுகளில் தண்ணீர் கொட்டும் குழாய்மூக்கும்தான். ஒன்பது குழாய்மூக்குள்ள நீரூற்று, அவ்வளவே. 1691இல் லோரான் வல்லோன் கட்டியது.

இதன் விளிம்பு மற்றவற்றைவிடத் தாழ்வாக இருப்பதைக் கவனியுங்கள். அந்தக் காலத்தில் குளிர்காலத்துக்கு ஆர்ல் பக்கத்துச் சமவெளி, கோடைக்கு மலைமேய்ச்சல் என்று ஆட்டு மந்தைகள் ஊர் வழியே போய்வரும். ஆடுகள் எக்கிக் குடிக்க வசதியாகத்தான் இப்படி வைத்தார்கள் என்று சொல்வார்கள். இன்று நகைக்கடையும் காப்பிக் கடையும் இருக்கிற அதே சாலையில் அன்று மந்தை போனது.

10. வெந்நீர் ஊற்றுன்னாங்க. தொட்டுப் பார்த்தேன், சூடே இல்லை. ஏமாத்துறாங்களா?

ஏமாற்றவில்லை. 'வெந்நீர்' என்ற சொல்லைத்தான் கொஞ்சம் தாராளமாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். பாஞியே ஊற்றிலிருந்து வரும் இந்தத் தண்ணீர் சுமார் 18 டிகிரி. ஜூலை மாதத்தில் தொட்டால் குளிர்ச்சியாகவே இருக்கும். ஜனவரியில் விடியற்காலையில் வந்து பாருங்கள், நீரிலிருந்து ஆவி எழும். குளிரில் விறைத்த கைக்கு அந்த 18 டிகிரியே வெந்நீர்தான். உண்மையான சூடு வேண்டுமென்றால் 7ஆம் பதிலில் உள்ள குளியல் நிலையத்துக்குத்தான் போக வேண்டும்.

இன்றைய நீரூற்று 1734ஐச் சேர்ந்தது. பலருக்கு இதன் பெயர் 'பாசி நீரூற்று' என்றால்தான் தெரியும்.

11. அந்தப் பாசியைச் சுரண்டிச் சுத்தம் பண்ண மாட்டாங்களா?

உள்ளே செதுக்கிய கல் இருக்கிறது, ஆனால் அது இன்று ஒருவர் கண்ணுக்கும் படுவதில்லை. காரணம் பாசி மட்டும் இல்லை. சுண்ணாம்புக்கல் பாறைக்குள் ஊறி வரும் தண்ணீரில் சுண்ணாம்பு கரைந்திருக்கும். வெளியே வந்து தெறிக்கும்போது அதிலுள்ள கரியமில வாயு காற்றில் போய்விடும். வாயு போனதும் சுண்ணாம்பு கல்லாகப் படியும். நம் வீட்டுக் கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிவதும் இதே சமாச்சாரம்தான். படிந்த கல்லின்மேல் பாசி வளரும், பாசிமேல் மறுபடி கல் படியும், அதன்மேல் புதுப் பாசி. இப்படி உப்பி உப்பி ஒரு பச்சை மேடாகிவிட்டது.

சுரண்டினால் அடியிலுள்ள சிற்பமும் கூடவே பெயர்ந்து வரும். அதோடு, பாசி இல்லாமல் அதை யாரும் அடையாளம் காணமாட்டார்கள். இருந்துவிட்டுப் போகட்டும்.

12. ராட்சசக் காளான் மாதிரி பச்சையா ஒரு நீரூற்று படம் பார்த்தேன். அது எக்ஸ்ல எங்க இருக்கு?

அது எக்ஸ் இல்லை. வடமேற்கே உள்ள சலோன்-த-புரோவான்ஸ் ஊர். ஆருடம் சொன்ன நாஸ்திரதாமுஸ் கடைசிக் காலத்தில் வாழ்ந்து 1566இல் இறந்த ஊர். அங்குள்ளதற்கும் பாசி நீரூற்று என்றே பெயர். இணையத்தில் இரண்டு படங்களும் மாறி மாறிப் போடப்படுகின்றன. ஒரே தண்டின்மேல் குடை விரித்தது போல இருந்தால் சலோன், சாலை நடுவில் உருண்டைப் பாறை மாதிரி இருந்தால் எக்ஸ்.

13. டால்பினுக்கு ஏது செதில்? சிற்பிக்கு டால்பினே தெரியாதா?

தெரிந்திருக்க வாய்ப்பு குறைவுதான், ஆனால் குற்றம் அவர்மேல் இல்லை. 1667இல் ஷான்-குளோத் ராம்போ இதைச் செதுக்கியபோது ஐரோப்பியச் சிற்பத்தில் டால்பின் என்றால் தடித்த உதடு, சுருண்ட வால், உடல் முழுக்கச் செதில் என்று ஒரு மரபே இருந்தது. நம் கோயில் யாளியைப் பார்த்து விலங்கியல் கேள்வி கேட்க முடியுமா? அது போலத்தான்.

எக்ஸில் சுவரில் சாய்த்து வைக்காமல் நடுச் சதுக்கத்தில் தனியாக நிறுத்திய முதல் நீரூற்று இது என்று சொல்வார்கள். நான்கு பக்கமும் சுற்றி வரலாம். நடுவில் ஒரு கூர்நுனித் தூண், அதன் உச்சியில் பைன் மரக்காய். பிரெஞ்சில் டால்பினுக்கும் பட்டத்து இளவரசருக்கும் 'தோஃபான்' என்ற ஒரே சொல்தான். சதுக்கத்துக்கு வருகிறவர்களிடம் வழிகாட்டிகள் இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

14. கூர் மிராபோ முனையில நிக்கிற ராஜா கையில எதுக்குத் திராட்சைக் குலை?

அவர் ரெனே (1409–1480), புரோவான்ஸின் பிரபு. ஒரு காலத்தில் நேப்பிள்ஸுக்கும் அரசர், ஆனால் அந்த அரசாட்சியைப் பறிகொடுத்தவர். கடைசி ஆண்டுகளை எக்ஸில் கழித்து, இங்கேயே இறந்தார். மஸ்கட் திராட்சையைப் புரோவான்ஸுக்குக் கொண்டுவந்தவர் என்று ஊர் நம்புகிறது, அதனால் கையில் அந்தக் குலை. வரியை ஏற்றியவர் என்பதையும் ஊர் அறியும், ஆனால் அதைச் சிலையில் காட்ட வழியில்லையே. 'நல்ல ராஜா ரெனே' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

சிலை அவர் காலத்தது இல்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாவித் தாஞ்சேர் செதுக்கியது. ரெனே இறந்த அடுத்த ஆண்டே, 1481இல், அவருக்குப் பின் பட்டத்துக்கு வந்து வாரிசில்லாமல் இறந்த மூன்றாம் ஷார்ல் புரோவான்ஸைப் பிரெஞ்சு மன்னருக்கு எழுதிவைத்துவிட்டார். அதோடு தனி நாடு போயிற்று. சிலைக்குப் பின்னால் உள்ள ஏக்கம் அதுதான் என்பது என் கணிப்பு.

15. ரோட்டோண்ட் ஒரு டிராபிக் ரவுண்டானா மாதிரிதானே இருக்கு. நின்னு பார்க்கணுமா?

கார்களை மறந்துவிட்டு ஐந்து நிமிடம் நில்லுங்கள். 1860இல் கட்டியது. உயரம் 12 மீட்டர், தொட்டியின் குறுக்களவு 32 மீட்டர். உச்சியில் மூன்று பெண் சிலைகள். கூர் மிராபோவைப் பார்த்து நிற்பது நீதி, மார்சேய்ச் சாலையைப் பார்ப்பது வேளாண்மை, அவிஞோன் சாலையைப் பார்ப்பது நுண்கலை. ஊர் தன்னைப் பற்றி என்ன நினைத்தது என்பதற்கு இதைவிட அப்பட்டமான விளம்பரம் கிடையாது. வழக்கறிஞர்கள் வாழ்ந்த பக்கம் நீதியின் முகத்தைத் திருப்பி வைத்திருக்கிறார்கள், பாருங்கள். கீழே பன்னிரண்டு சிங்கங்கள்.

ஆனால் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது ஆண்டுதான். பழைய ஊற்றுகளின் நீர் வளரும் ஊருக்குப் போதவில்லை. வெனிஸில் பிறந்த பொறியாளர் பிரான்சுவா சோலா, மலையடிவாரத்தில் அணை கட்டிக் கால்வாயில் நீர் கொண்டுவரலாம் என்று பல ஆண்டுகள் போராடி அனுமதி வாங்கினார். வேலை தொடங்கிய 1847இலேயே நிமோனியாவில் இறந்துபோனார். அணை 1854இல் முடிந்தது. நவீன காலத்தில் முதன்முதலாகக் கட்டப்பட்ட வளைவு அணைகளில் அதுவும் ஒன்று. ஆறே ஆண்டில் ரோட்டோண்ட் எழுந்தது. ஊர் ஒருவழியாகத் தண்ணீரைத் தாராளமாகச் செலவு செய்யத் துணிந்த காலம் அது.

அந்தப் பொறியாளர் இறந்தபோது அவருடைய மகனுக்கு ஏழு வயது நிறையவில்லை. கடனோடு நின்ற குடும்பம். அந்தப் பையன்தான் பின்னாளில் நாவலாசிரியரான எமில் சோலா. இதே ஊர்ப் பள்ளியில் அவனுக்குக் கிடைத்த நெருங்கிய நண்பனின் பெயர் போல் செசான், பின்னாளில் பெரிய ஓவியர்.

16. புரட்சி நடந்த நாடாச்சே. ராஜாக்கள் முகமெல்லாம் எப்படி நீரூற்றுல இருக்கு?

பிரெஷேர் சதுக்கத்து நீரூற்றைப் பார்த்துவிட்டுத்தான் எல்லோரும் இதைக் கேட்கிறார்கள். 1758இல் ஷாஸ்தெல் செய்தது. உச்சியில் கழுகு. ஊரை நிறுவிய செக்ஸ்தியுஸ் தொடங்கி, புரோவான்ஸை எழுதிக்கொடுத்த மூன்றாம் ஷார்ல் (14ஆம் பதில்), பதினைந்தாம் லூயி என்று பதக்கங்களில் முகங்கள். புரட்சிக்குப் பிறகு பிரான்ஸில் மன்னராட்சி மீண்டும் வந்து வந்து போனது. அதனால் 19ஆம் நூற்றாண்டில் அரச முகங்களுக்கு மறுபடி மவுசு வந்தது. ரெனே சிலையும் அந்தக் காலத்ததுதான்.

இந்தச் சதுக்கத்தில்தான் தூக்குமேடை போடுவார்கள். 1772இல் பார்லமான், மர்க்கி த சாத் என்ற பிரபுக் குல எழுத்தாளருக்கு மரண தண்டனை விதித்தது. ஆள் இத்தாலிக்கு ஓடிவிட்டார். அதனால் அவருடைய உருவத்தை இங்கே வைத்து எரித்தார்கள்.

உண்மையில் இந்த ஊரில் பெரிய இடிப்பு புரட்சிக்கு முன்பே நடந்துவிட்டது. பக்கத்தில் இருந்த பிரபுக்களின் பழைய அரண்மனையை, அதற்குள் ரோமானியக் கோபுரங்கள் இருப்பது தெரிந்தும், 1780களில் தரைமட்டமாக்கினார்கள். இன்றைய நீதிமன்றம் அந்த இடத்தில்தான் நிற்கிறது. அதிலிருந்து தப்பிய ஒரு ரோமானியத் தூணை அகுஸ்தான் சதுக்கத்து நீரூற்றின்மேல் பார்க்கலாம். உச்சியில் ஒரு நட்சத்திரம் வைத்திருக்கிறார்கள். இரண்டாயிரம் வருடத் தூண் என்று தெரியாமல் பக்கத்தில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர்.

17. செசான் ஊராச்சே. அவரோட நீரூற்று ஏதாவது இருக்கா?

பாஞியே நீரூற்றைத் தேடுங்கள். சுவரோடு ஒட்டியது, சிறியது. செசானின் முகம் பதித்த வெண்கலப் பதக்கம் ஒன்று அதில் இருக்கிறது, ஓவியர் ரெனுவார் வடித்த உருவத்தை வைத்துச் செய்தது. செசான் (1839–1906) இங்கேயே பிறந்து இங்கேயே இறந்தவர். உயிரோடு இருந்தவரை ஊர் அவரைப் பெரிதாக மதிக்கவில்லை. இப்போது தெருவெங்கும் நடைபாதையில் 'சே' எழுத்து பொறித்த பித்தளைக் குமிழ்கள் அவர் நடந்த வழியைக் காட்டுகின்றன.

தண்ணீர்க் கதைக்கு அவரிடமும் பங்கு உண்டு. ஊருக்கு மேற்கே ஷா த பூஃபான் வீட்டில் இருந்த குளத்தை அவர் வரைந்திருக்கிறார். கடைசியில் வெளியே வரைந்துகொண்டிருந்தபோது பெருமழையில் மாட்டி, நனைந்து மயங்கி விழுந்து, சில நாளில் இறந்துபோனார்.

18. சாந்த் விக்தோவார் மலைக்கு அந்தப் பேர் மாரியுஸ் ஜெயிச்சதால வந்ததா?

6ஆம் பதிலைப் படித்தவர்கள் கட்டாயம் இதைக் கேட்பார்கள். விக்தோவார் என்றால் வெற்றிதானே. கதை நன்றாகத்தான் பொருந்துகிறது. ஆனால் மலையின் பழைய பெயர் வெந்தூரி. வோக்ளூஸ் பக்கத்து வாந்தூ மலையின் பெயரும் அதே வேரிலிருந்து வந்தது, ரோமானியருக்கு முந்தைய சொல் என்பது மொழியறிஞர்கள் கருத்து. அந்த ஒலியைப் பிற்காலத்தில் ஒரு புனிதையின் பெயராக மாற்றிவிட்டார்கள். 1,011 மீட்டர் உயரம். சோலாவின் அணை இந்த மலையடிவாரத்தில்தான் இருக்கிறது.

19. தண்ணியைக் குடிக்கலாமா? காசு போடணுமா?

பலகையைப் படியுங்கள். 'ஓ பொத்தாப்ல்' என்றால் குடிநீர். அந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் 'நோன்' என்று ஒரு சொல் இருந்தால் குடிக்கக் கூடாது. பலகையே இல்லையென்றால் பாட்டிலை மூடிவைத்துவிடுங்கள். ரோமின் திரெவி நீரூற்று மாதிரி காசு போடும் சம்பிரதாயம் இங்கே இல்லை.

20. பாண்டிச்சேரிக் குடும்பப் பதிவெல்லாம் எக்ஸ்லதான் இருக்காமே?

ஆமாம், இது பலருக்குத் தெரியாது. பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளின் தேசிய ஆவணக் காப்பகம் 1966 முதல் இந்த ஊரில்தான் இயங்குகிறது. பாண்டிச்சேரி, காரைக்கால் உள்ளிட்ட இந்தியப் பிரெஞ்சுப் பகுதிகளின் ஆவணங்கள் அங்கே இருக்கின்றன. பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடுகளில் ஒரு பகுதி இணையத்திலேயே கிடைக்கிறது. கொள்ளுத்தாத்தா பெயரைத் தேடி எக்ஸுக்கு வந்து, அப்படியே நீரூற்றையும் பார்த்துவிட்டுப் போகிறவர்களைச் சந்தித்திருக்கிறேன். போவதற்கு முன் பெயரின் பிரெஞ்சு எழுத்துக்கூட்டை நாலைந்து விதமாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரை ஒவ்வொரு எழுத்தரும் ஒவ்வொரு மாதிரி எழுதியிருப்பார்கள்.

பாண்டிச்சேரி பூங்காவில் நிற்கும் ஆயி மண்டபமும் ரோட்டோண்ட் நீரூற்றும் மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில் எழுந்தவை. இரண்டுமே ஊருக்குத் தண்ணீர் வந்த காலத்தின் கட்டடங்கள்.

21. பெர்ன்-லெ-ஃபோந்தேன்னு ஒரு ஊர் பேரிலேயே நீரூற்று இருக்கே. எக்ஸை விட்டுட்டு அங்க போகலாமா?

இரண்டு நாள் இருந்தால் இரண்டுக்கும் போங்கள். பெர்ன் சிறிய ஊர், கார்பாந்த்ராவுக்குப் பக்கத்தில். நாற்பது நீரூற்றுகள், ஒரு மணி நேரத்துக்குள் பாதியைப் பார்த்துவிடலாம். 18ஆம் நூற்றாண்டின் நடுவில் பக்கத்தில் வளமான ஊற்று ஒன்று கிடைத்ததும் ஊரே நீரூற்று கட்ட இறங்கிவிட்டது. 1761இல் கட்டிய கோர்மொரான் நீரூற்று, சிறகு விரித்த நீர்க்காகத்தோடு, ஊர் வாசலிலேயே நிற்கிறது. 'லெ ஃபோந்தேன்' என்ற ஒட்டு 1936இல்தான் பெயரில் சேர்ந்தது. கூட்டம் பிடிக்காதவர்களுக்கு எக்ஸைவிட இதுவே பொருந்தும்.

ஃபோந்தேன்-த-வோக்ளூஸ் என்பதையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே ஃபோந்தேன் என்பது கட்டிய நீரூற்று இல்லை, சோர்க் ஆறு பிறக்கும் இயற்கை ஊற்று. பாறைக்குள் 300 மீட்டருக்கு மேல் ஆழம் போகிறது. பிரெஞ்சில் இரண்டுக்கும் ஒரே சொல்.

22. எந்த மாசம் போனா நல்லது?

மே அல்லது செப்டம்பர். ஜூலையில் 1948இலிருந்து நடக்கும் இசை நாடக விழா இருக்கும், அறை வாடகை எகிறிவிடும், வெயிலும் கொளுத்தும். செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளில் பெரிய சந்தை. ஊர் களையாக இருக்கும், ஆனால் சில சதுக்கங்களில் கடைகளுக்கு நடுவே நீரூற்றைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். படமெடுக்க ஆசைப்படுகிறவர்கள் வேறு நாளில், காலை எட்டு மணிக்கு முன் போங்கள். குளிர்காலத்தில் மிஸ்திரால் அடிக்கும் நாளில் மட்டும் ரோட்டோண்டுக்குத் தெற்கே நின்று செல்பி எடுக்காதீர்கள். காற்று வடக்கிலிருந்து வரும், தொட்டித் தண்ணீர் முழுக்க உங்கள் மேல்தான்.